அரசு நிலம் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு வரும்வரை: முழுமையான வழிகாட்டி

பதிவாளர் அலுவலகத்தில் நில வேலை புதிதாக மேசைக்கு வந்தவர் முதல் நாள் ஒரு காரியம் செய்வார். மாவட்ட ஆட்சியருக்கு ஒரு கடிதம் எழுதுவார். 'மேற்படி இடம் பயன்பாடின்றி உள்ளதால் பல்கலைக்கழகத்துக்கு வழங்குமாறு' என்று முடியும் அந்தக் கடிதம். அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள் ஐந்து இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டுப் போகும் கடிதம் எட்டு மாதம் சுற்றிவிட்டு ஒரு கேள்வியோடு திரும்பி வரும்.

தமிழ்நாட்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அரசு நிலம் வாங்குவதைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். ஒரு துறையிடம் தேவைக்கு மேல் கிடக்கும் நிலமாக அது இருக்கலாம், வெறும் தரிசாகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நான் அலைந்திருக்கிறேன். எனக்குப் பிறகு வந்தவர்களும் அதே இடங்களில்தான் இடறினார்கள்.

1. எந்த வழி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பல்கலைக்கழகம் அரசுத் துறை அல்ல. இதை மனதில் பதித்துக்கொண்டால் பாதித் தவறு குறையும். ஒவ்வொரு மாநிலப் பல்கலைக்கழகமும் தனக்கென ஒரு சட்டத்தால் பிறந்தது. பாரதியார் பல்கலைக்கழகம் என்றால் 1981ஆம் ஆண்டுச் சட்டம், மனோன்மணீயம் சுந்தரனார் என்றால் 1990ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டங்களின்படி பல்கலைக்கழகம் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும், வழக்குப் போடும், வழக்குக்குப் பதிலும் சொல்லும் தனி அமைப்பு.

இதனால் என்ன வித்தியாசம்? ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு நிலம் போனால் அது 'நில மாற்றம்'. நிலம் அரசிடமே இருக்கிறது, பொறுப்பு மட்டும் கைமாறுகிறது. பல்கலைக்கழகத்துக்குப் போனால் அது அரசைவிட்டு வெளியே போகிறது. அதற்குப் பெயர் 'நில உரிமை மாற்றம்', வருவாய் நிலையாணை (வருவாய்த் துறையின் நிரந்தர விதித் தொகுப்பு) 24இன் கீழ் வருவது. மதிப்பு நிர்ணயம், நிபந்தனைகள், ஒப்புதல் தரும் அதிகாரி என்று எல்லாமே வேறு.

கடிதத்தின் பொருள் வரியில் 'நில மாற்றம்' என்று எழுதிய ஒரு கோப்பு எனக்குத் தெரியும். ஐந்து மாதம் கழித்து, 'மனுதாரர் அரசுத் துறையா என்பதைத் தெளிவுபடுத்தவும்' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. 'நில ஒப்படை' என்றும் எழுதாதீர்கள். அது நிலையாணை 15, நிலமற்றவர்களுக்குக் கொடுப்பது.

'உபரி நிலம்' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். பேச்சில் நாம் 'தேவைக்கு அதிகமான நிலம்' என்ற பொருளில் சொல்கிறோம். வருவாய்த் துறையின் காதில் அது 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டத்தின் கீழ் அரசு எடுத்துக்கொண்ட நிலம் என்று விழும். அது நிலச் சீர்திருத்தத் துறையின் கணக்கு, ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதற்காக எடுத்தது. உங்கள் நிலம் அந்த வகை இல்லையென்றால் அந்தச் சொல்லையே தொடாதீர்கள். 'துறையின் பயன்பாட்டுக்குத் தேவைப்படாத நிலம்' என்று நீட்டியே எழுதுங்கள்.

2. பதிவேடு சொல்வதைப் படியுங்கள்

நிலத்தைப் பார்க்கப் போவதற்கு முன்னால் ஏட்டைப் பாருங்கள். தேவையானவை: அ-பதிவேட்டு (ஒவ்வொரு புல எண்ணின் பரப்பும் வகைப்பாடும் இருக்கும் கிராமப் பதிவேடு) நகல், புலப்பட (அந்தப் புல எண்ணின் அளவு வரைபடம்) நகல், கிராம வரைபடம், கடந்த ஐந்து பசலிக்கான (ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டு) அடங்கல் (சாகுபடிப் பதிவேடு), வில்லங்கச் சான்று. அ-பதிவேடும் புலப்படமும் இணையத்திலேயே கிடைக்கும். ஆனால் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் பதிவேட்டின் குறிப்புக் கலத்தையும் ஒருமுறை நேரில் பாருங்கள். கையால் எழுதிய ஒரு வரி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

நில வகைப்பாடுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று இருந்தால் வழி சுலபம். 'மேய்க்கால்', 'மந்தைவெளி', 'களம்' என்று இருந்தால் ஊரின் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கியது. வகைப்பாடு மாற்றாமல் நகராது, மேய்க்காலுக்கு மாற்று இடம் கேட்பார்கள். ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் அந்தப் புல எண்ணை அப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். தண்ணீர் வந்து இருபது வருடம் ஆகிறது என்பதெல்லாம் அங்கே எடுபடாது. 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் உயர் நீதிமன்றத்தின் தொடர் உத்தரவுகளும் இருக்கும்போது எந்த வட்டாட்சியரும் அதில் கையெழுத்துப் போட மாட்டார்.

1980களில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகளைத் திரும்ப எழுதினார்கள். அப்போது சில இடங்களில் வகைப்பாடு மாறிவிட்டது. இன்றைய பதிவேட்டில் 'தரிசு' என்று இருக்கும், அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டில் 'ஓடை' என்று இருக்கும். எதிர்ப்பவர் நீதிமன்றத்துக்குப் பழைய பதிவேட்டைத்தான் எடுத்துவருவார். ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் அந்தப் பழைய நகலுக்கும் விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

அரசு நிலம் போலவே தோற்றமளிக்கும் மற்றவற்றையும் பிரித்துப் பாருங்கள். கோயில் நிலம் அரசு நிலம் அல்ல. அறநிலையத் துறை அதிகாரி பார்த்துக்கொள்கிறார் என்பதால் அது அரசுடையதாகிவிடாது. பூதான நிலம், வக்ஃபு நிலம், பஞ்சமி நிலம் மூன்றும் அப்படித்தான். காப்புக்காடு என்றால் ஒன்றிய அரசின் 1980ஆம் ஆண்டு வனச் சட்டம் குறுக்கே வரும். அது இன்னொரு கட்டுரைக்கான கதை.

3. கையில் வைத்திருக்கும் துறை முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும்

குறிப்புக் கலத்தில் 'வேளாண் துறை', 'பொதுப்பணித் துறை' என்று இருந்தால், அந்தத் துறை நிலத்தை நேரடியாக உங்களுக்குத் தர முடியாது. நிலம் எப்போதும் வருவாய்த் துறை வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் துறை நிலத்தை வருவாய்த் துறையிடம் திரும்ப ஒப்படைக்கும், வருவாய்த் துறை உங்களுக்குக் கொடுக்கும்.

புதியவர்கள் மாவட்ட அளவில் ஒரு இணை இயக்குநரைப் பார்த்து 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று ஒரு கடிதம் வாங்கி வருவார்கள். நல்ல மனிதர், உடனே கொடுத்துவிடுவார். அந்தக் கடிதத்தை வைத்து எதுவும் செய்ய முடியாது. 'இந்த நிலம் துறைக்குத் தேவையில்லை, திரும்ப ஒப்படைக்கலாம்' என்று துறைத் தலைவர் எழுத வேண்டும். புல எண், உட்பிரிவு, பரப்பு மூன்றும் அதில் இருக்க வேண்டும். 'பண்ணையின் வடபகுதியில் சுமார் பத்து ஏக்கர்' என்று இருந்தால் அந்தச் 'சுமார்' உங்களை ஒரு வருடம் இழுக்கும்.

அந்த நிலத்தில் துறையின் கட்டடம், கிணறு, மின் இணைப்பு, காய்க்கிற மரங்கள் இருந்தால் அவற்றை யார் எடுத்துக்கொள்வது, மதிப்பு என்ன என்பதையும் அந்தக் கட்டத்திலேயே எழுத்தில் வாங்குங்கள். பிறகு கேட்டால் அந்த அதிகாரி மாற்றலாகிப் போயிருப்பார்.

4. நிலத்தை நடந்து பாருங்கள்

காரில் போய் ரோட்டோரம் நின்று பார்ப்பது கணக்கில் சேராது. கிராம நிர்வாக அலுவலரையும் குறுவட்ட அளவரையும் கூட்டிக்கொண்டு, கையில் புலப்படத்தோடு எல்லையைச் சுற்றி நடங்கள். காலை ஒன்பது, பத்து மணிக்குப் போவது நல்லது. பட்டியிலிருந்து ஆடுகள் வெளியே வரும் நேரம் அது. அந்த நிலத்தை யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

ஒருமுறை நாங்கள் போன இடம் பளிச்சென்று இருந்தது. படத்தில் ஓடை இல்லை, பதிவேட்டில் தரிசு. நடுவில் மட்டும் கால் புதையும் மணலாக ஒரு நீண்ட பள்ளம். ஆடு ஓட்டிவந்த பாட்டியிடம், 'இது என்ன பாட்டி?' என்று கேட்டேன். 'ஐப்பசியில வந்து பாருங்க சார், இடுப்பளவு போகும்' என்றார். அந்தப் பள்ளத்தின் மேல்தான் மாணவியர் விடுதி என்று மாதிரி வரைபடத்தில் கோடு போட்டிருந்தோம். விடுதியை நகர்த்தினோம், பள்ளத்தை அப்படியே விட்டோம். கேட்காமல் இருந்தால் முதல் மழையிலேயே தெரிந்திருக்கும்.

நடக்கும்போது பார்க்க வேண்டியவை: எல்லைக் கற்கள் இருக்கின்றனவா, மேலே உயரழுத்த மின்கம்பி போகிறதா, பக்கத்துப் பட்டாக்காரர் தன் வயலுக்கு இதன் வழியாகத்தான் போகிறாரா, சுடுகாட்டுப் பாதை உண்டா, சின்னதாக ஒரு கல்லும் மஞ்சள் துணியும் இருக்கிறதா. கடைசியாகச் சொன்னதைச் சிரித்துக்கொண்டு கடந்துவிடாதீர்கள். குலதெய்வத்தின் இடத்தைச் சுற்றி வேலி போட்ட அன்றைக்கு ஊரே வந்து நிற்கும். அரை சென்ட்டை விட்டு, பாதையும் விட்டு வரைபடம் போட்டால் பிரச்சினையே இல்லை.

நிலத்துக்குப் போகும் வழியையும் பாருங்கள். நிலம் அரசுடையது, ஆனால் சாலைக்கும் அதற்கும் நடுவே இருபது அடி தனியார் பட்டா என்ற கதையை இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறேன். வழியில்லாத நிலத்துக்குக் கட்டட நிதி கேட்க முடியாது.

ஆக்கிரமிப்பு இருந்தால் இந்தக் கட்டத்திலேயே பேச வேண்டும். அடங்கலில் 'பி மெமோ' (ஆக்கிரமிப்பைப் பற்றிய வருவாய்த் துறைக் குறிப்பு) பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி 7ஆம் பிரிவில் அறிவிப்பு கொடுத்து, 6ஆம் பிரிவில் வெளியேற்றும் அதிகாரம் வருவாய்த் துறைக்கு உண்டு. அது அரசு நிலத்துக்கான சட்டம். நிலம் உங்கள் பெயருக்கு வந்தபிறகு அந்த வழி மூடிவிடும், பெரும்பாலும் நீங்கள் உரிமையியல் நீதிமன்றத்தில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். 'முதலில் நிலம் வரட்டும், அப்புறம் காலி செய்துகொள்ளலாம்' என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

5. பல்கலைக்கழகத்துக்குள் முடிக்க வேண்டியவை

ஆட்சிக்குழுத் தீர்மானம் இல்லாமல் வெளியே கடிதம் போகக் கூடாது. துணைவேந்தர் மாறலாம், பதிவாளர் மாறலாம், தீர்மானம் மாறாது. தீர்மானத்தில் புல எண், பரப்பு, எந்த நோக்கத்துக்கு, அரசு மதிப்பு விதித்தால் கட்டுவதற்கு நிதி எங்கிருந்து என்ற நான்கும் இருக்கட்டும். நிதிக்குழுவின் பரிந்துரையும் முன்னதாகவே வேண்டும்.

அடுத்தது நிலத் தேவை அறிக்கை. 'எதிர்கால வளர்ச்சிக்காக 50 ஏக்கர்' என்று எழுதினால், 'இருக்கிற நிலத்தில் எவ்வளவு காலியாக உள்ளது?' என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். இப்போதுள்ள பரப்பு, கட்டடம் உள்ள பரப்பு, மீதியை ஏன் பயன்படுத்த முடியவில்லை, கேட்கும் நிலத்தில் எந்த ஆண்டு எந்தக் கட்டடம் என்று ஒரு பக்கத்தில் போடுங்கள். குறைவாகக் கேட்டு முழுதாக நியாயப்படுத்துவது நல்லது. கூட்டிக் கேட்டால் வெட்டிக் கொடுப்பார்கள், வெட்டும் இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது.

6. கருத்துருவை எழுதுங்கள்

இப்போது அந்தக் கடிதம். பதிவாளர் பெயரில் ஆட்சியருக்கு, நகல் உயர்கல்வித் துறைச் செயலாளருக்கு. உயர்கல்வித் துறை உங்கள் நிர்வாகத் துறை. அவர்களுடைய பரிந்துரை இல்லாமல் கோட்டையில் வருவாய்த் துறை கோப்பை எடுக்காது. ஆகவே அந்த நகல் வெறும் நகலாகக் கிடக்காமல் கோப்பு எண் பெற்றிருக்கிறதா என்று ஒரு வாரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இணைப்புகள்: ஆட்சிக்குழுத் தீர்மானம், தேவை அறிக்கை, பதிவேட்டு நகல்கள், துறைத் தலைவரின் ஒப்படைப்புக் கடிதம், பல்கலைக்கழகச் சட்டத்தில் சொத்துரிமை பற்றிய பிரிவின் நகல், நிலத்தின் புகைப்படங்கள், மாதிரி வரைபடம். ஒவ்வொன்றும் ஆறு படி.

பரப்பை எழுதுவதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. பதிவேட்டில் ஹெக்டேரும் ஏர்ஸும் புள்ளி வைத்து எழுதப்படும். 1.05.0 என்றால் ஒரு ஹெக்டேர் ஐந்து ஏர்ஸ். அதைத் தட்டச்சில் 1.5 என்று போட்டால் படிப்பவர் ஒரு ஹெக்டேர் ஐம்பது ஏர்ஸ் என்று எடுத்துக்கொள்வார். வித்தியாசம் 45 ஏர்ஸ், அதாவது ஒரு ஏக்கர் பதினோரு சென்ட். இந்த ஒரு சுழியத்துக்காகக் கோப்பு கீழே இறங்கி மறுபடி மேலே ஏறிய கொடுமையைப் பார்த்திருக்கிறேன். ஹெக்டேரில் எழுதுங்கள், பக்கத்தில் ஏக்கரையும் எழுதுங்கள், கூட்டுத்தொகையைக் கையால் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

7. விசாரணை: கீழே இறங்கி மேலே ஏறும்

ஆட்சியரிடமிருந்து கோட்டாட்சியர், வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர் என்று கோப்பு கீழே இறங்கும். பிறகு அதே படிகளில் ஏறி, மாவட்ட வருவாய் அலுவலர், ஆட்சியர் தாண்டி, சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கும் நில நிர்வாக ஆணையரிடம் போகும். அங்கிருந்து கோட்டை. எந்த மதிப்புவரை யார் ஒப்புதல் தரலாம் என்ற வரம்பு அவ்வப்போது மாறும், நடப்பு ஆணையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கீழ்மட்டத்தில் நடப்பவை நான்கு. ஊரில் ஏ-1 அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணை கேட்பார்கள். ஊராட்சியின் தீர்மானம் கேட்பார்கள். அளவர் உட்பிரிவு வரைவு போடுவார். அக்கம்பக்கத்து விற்பனைப் புள்ளிவிவரத்தை எடுத்து மதிப்பு கணக்கிடுவார்கள். மரங்களின் மதிப்பு வனத் துறையிடமிருந்தும் கட்டடத்தின் மதிப்பு பொதுப்பணித் துறையிடமிருந்தும் வரும்.

ஊராட்சித் தீர்மானத்தை அலட்சியமாக நினைக்காதீர்கள். ஊரின் பொது நிலங்களை எளிதாகக் கைமாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் கடுமையாகச் சொன்னபிறகு, ஊர்க்காரர்களின் எதிர்ப்பு கோப்பில் இருந்தால் மேலே யாரும் துணிந்து பரிந்துரைப்பதில்லை. தலைவரை முன்கூட்டியே போய்ப் பாருங்கள். அவர் கேட்பது பெரும்பாலும் சின்ன விஷயம்: பாதை விடுங்கள், காவலாளி வேலைக்கு ஊர்ப் பிள்ளைகளை எடுங்கள். முடிந்ததை மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். முடியாததைத் தலையாட்டிவிட்டு வந்தால் அது ஆட்சேபணை மனுவாக உங்களுக்கு முன்னால் வந்து நிற்கும்.

கோப்பைத் தொடர்வதற்கு ஒரு வழி: ஒவ்வொரு மேசையிலும் அதன் ந.க. எண்ணையும் (அந்த அலுவலகம் கோப்புக்குத் தரும் எண்) தேதியையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். 'எங்கள் நில ஃபைல் என்ன ஆச்சு சார்?' என்று கேட்பவருக்கு 'பார்க்கிறோம்' என்ற பதில் கிடைக்கும். எண்ணைச் சொல்லிக் கேட்பவருக்குக் கோப்பே மேசைக்கு வரும்.

8. முன் நுழைவு அனுமதி வாங்கலாமா?

அவசரமான திட்டம் என்றால், இறுதி ஆணைக்கு முன்னால் நிலத்தில் நுழைந்து வேலை தொடங்க முன் நுழைவு அனுமதி கேட்கலாம். இது உரிமை அல்ல, அனுமதி மட்டுமே. மண் பரிசோதனை, அளவீடு, எல்லை வேலி ஆகியவற்றுக்கு இதைப் பயன்படுத்துங்கள். பெரிய கட்டடத்தை எழுப்பிவிட்டால் அப்புறம் ஆணையில் வரும் எந்த நிபந்தனைக்கும், எந்த மதிப்புக்கும் நீங்கள் தலையாட்ட வேண்டியிருக்கும். இந்த அனுமதியோடு நின்றுபோய், இறுதி ஆணையைத் தேடாமலே வருடக்கணக்கில் ஓட்டிய நிறுவனங்களும் உண்டு. நிதி தரும் அமைப்பு உரிமை ஆவணம் கேட்கும் நாளில்தான் அவர்களுக்கு விழிப்பு வரும்.

9. அரசாணையை வரிவரியாகப் படியுங்கள்

ஆணை வந்ததும் படம் எடுத்துப் போடுவதற்கு முன்னால் நிபந்தனைகளைப் படியுங்கள். இலவசமா, மதிப்புக்கா? மதிப்புக்கு என்றால் எத்தனை நாளுக்குள் கட்ட வேண்டும்? எந்த நோக்கத்துக்கு? எத்தனை ஆண்டுக்குள் பயன்படுத்தத் தொடங்க வேண்டும்? வேறு யாருக்கும் மாற்றக் கூடாது, மீறினால் அரசு இழப்பீடின்றித் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்ற வரிகள் வழக்கமாக இருக்கும்.

நோக்கம் என்ற வரியில் 'அறிவியல் புலக் கட்டடம்' என்று குறுகலாக இருந்தால், அங்கே விடுதி கட்டுவது நிபந்தனை மீறல். இதனால்தான் கருத்துருவிலேயே 'கல்வி, ஆராய்ச்சி, விடுதி மற்றும் அவற்றைச் சார்ந்த பயன்பாடு' என்று விரித்து எழுதச் சொல்கிறேன். புல எண்ணிலோ பரப்பிலோ பிழை இருந்தால் உடனே திருத்த ஆணைக்கு எழுதுங்கள்.

'கிரயப் பத்திரம் எந்த சார் பதிவாளர் அலுவலகத்தில்?' என்று கேட்பார்கள். அரசு நிலத்தை வழங்கும் ஆவணத்துக்கு 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 90ஆம் பிரிவு விலக்கு தருகிறது. ஆணையும் அதைத் தொடர்ந்த ஒப்படைப்பு ஆவணமும்தான் உங்கள் மூலப் பத்திரம். அசலைத் தீப்பிடிக்காத அலமாரியில் வையுங்கள், நகலை வேலைக்கு வையுங்கள்.

10. ஏட்டில் ஏறும்வரை வேலை முடியவில்லை

பாதிப் பேர் அரசாணையோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆணை கையில் இருக்கும், அ-பதிவேட்டில் நிலம் இன்னும் 'தரிசு' என்றே இருக்கும். பத்து வருடம் கழித்து வரும் வட்டாட்சியர் பதிவேட்டைப் பார்ப்பார், தரிசு என்று நினைப்பார், அதில் ஒரு மூலையைத் துணை மின்நிலையத்துக்குப் பரிந்துரைப்பார். அவர் மேல் தப்பில்லை.

ஒப்படைக்கும் நாளன்று அளவர் கல் நடுவதை நின்று பாருங்கள். ஒவ்வொரு கல்லின் பக்கத்திலும் நின்று படம் எடுங்கள். ஒப்படைத்தவர், பெற்றுக்கொண்டவர் என்று இருவரும் கையெழுத்திட்ட ஒப்படைப்புச் சான்றை அங்கேயே வாங்கிவிடுங்கள். அதன்பிறகு உட்பிரிவு, வகைப்பாடு மாற்றம், பல்கலைக்கழகத்தின் பெயர்ப் பதிவு ஆகிய மூன்றுக்கும் வட்டாட்சியருக்குத் தனியாக எழுதுங்கள். இணையத்தில் புதிய உட்பிரிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயர் பதிவாளர் என்று வந்திருக்கிறதா, யாரோ ஒரு அதிகாரியின் சொந்தப் பெயராக வந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதும் நடக்கும்.

முதல் மாதத்தில் வேலியும் பலகையும் போட்டுவிடுங்கள். பலகையில் அரசாணை எண்ணையும் புல எண்ணையும் எழுதுங்கள். வருடா வருடம் ஜமாபந்திக்கு (கிராமக் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கை) முன்னால் ஒருவர் அடங்கலையும் அ-பதிவேட்டையும் நகல் எடுத்து வர வேண்டும், அதே வாரம் எல்லையைச் சுற்றி நடந்து கற்களை எண்ண வேண்டும். நாங்கள் நட்டது 23 கல். மூன்றாம் வருடம் 21 இருந்தது. ஒன்று மழையில் சாய்ந்து மண்ணுக்குள் கிடந்தது, இன்னொன்று பக்கத்து வீட்டில் துணி துவைக்கும் கல்லாகியிருந்தது. அதைத் திரும்ப வாங்கி வர ஒரு மாலைப்பொழுதும் இரண்டு டம்ளர் காபியும் ஆனது.